தாத்தாவோட பழைய வாட்ச் கைக்கு வந்திருக்கா? ரிப்பேர் பண்றதா, விக்கிறதான்னு முடிவெடுக்க முழுமையான வழிகாட்டி

வீட்ல பெரியவர் ஒருத்தர் போனதுக்கப்புறம் பீரோவை ஒழிக்கும்போது கர்ச்சீப்ல சுத்தி வச்ச ஒரு பழைய வாட்ச் கிடைக்கும். எங்க குடும்பத்துல மூணு, தெரிஞ்சவங்களுக்காக ஒரு பத்துப் பன்னெண்டுன்னு இந்த மாதிரி வாட்ச்சுகளைக் கூட இருந்து பாத்திருக்கேன். எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான், கிடைச்ச மறுநாளே கடைக்குக் கொண்டு போயிடறாங்க. கடைக்காரர் "என்ன பண்ணணும்?"னு கேப்பாரு, இவங்களுக்கு பதில் தெரியாது, "நீங்களே பாத்து நல்லா பண்ணிக் குடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுவாங்க. அந்த ஒரு வார்த்தையில போன டயல்கள் எத்தனையோ.

அதனால இங்க வரிசைதான் முக்கியம். கீழ இருக்கிற படிகள்ல 7-வதுக்கு வர்ற வரைக்கும் ரிப்பேரா விற்பனையான்னு முடிவே எடுக்காதீங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்ன வேணும்

10 மடங்கு பெருசாக் காட்டுற லூப் ஒண்ணு (கண்ணுல வச்சுப் பாக்குற சின்ன லென்ஸ், சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்லயே கிடைக்கும்), கிட்டக்க போட்டோ எடுக்கிற மாதிரி ஒரு போன், வெள்ளைத் துணி, ஒரு நோட்டு, மூடி போட்ட சின்ன டப்பா. ஸ்க்ரூடிரைவர் செட், வாட்ச் திறக்கிற கத்தியெல்லாம் இப்போ வாங்காதீங்க, ஏன்னு 4-வது படியில சொல்றேன்.

வாட்ச்சோட சேர்ந்து கிடைக்கிற எதையும் தூக்கிப் போடாதீங்க. பழைய பில், பெட்டி, கேரண்டி கார்டு, அறுந்துபோன செயின், ஏன் அந்த ஒடஞ்ச பக்கிள் கூட. ஒரிஜினல் பக்கிள்னா சில பிராண்டுகளுக்கு அதுக்கே தனியா விலை இருக்கு.

1. முதல்ல கீ கொடுக்காதீங்க

கையில எடுத்ததும் எல்லாரும் செய்ற முதல் காரியம் கீயைத் திருகறதுதான். ஓடுதான்னு பாக்கணும்ங்கிற ஆசை புரியுது, ஆனா இருபது முப்பது வருஷம் சும்மா கிடந்த மிஷின்ல ஆயில் காஞ்சு பிசின் மாதிரி ஆகியிருக்கும். அந்த நிலையில ஓடவிட்டா ஆயில் இல்லாம உலோகமும் கல்லும் நேரா உரசி, முடி மாதிரி இருக்கிற பற்சக்கர முனைங்க தேயும். ஓவராயிலிங்கோட (மிஷினை முழுசா கழட்டி, கழுவி, புது ஆயில் விடுறது) முடிஞ்சிருக்க வேண்டிய வேலை பார்ட்ஸ் மாத்துற வேலையா மாறுறது இப்படித்தான்.

"ஓவரா கீ கொடுத்து அப்பா வாட்ச்சைக் கெடுத்துட்டார்"னு பல வீட்ல சொல்லுவாங்க. முழுசா கீ கொடுக்கிறதால வாட்ச் கெடாது. ஆயில் காஞ்சு நின்னுருக்கும், நின்ன நேரம் கீ முழுசா ஏறி இருந்திருக்கும், பழி கீ மேல விழுந்துடுச்சு. அதனால கீ இறுகிப் போன வாட்ச்சைப் பாத்து பயப்படத் தேவையில்ல.

கண்ணாடிக்கு உள்ள ஆவி பிடிச்ச மாதிரி இருந்தா, இல்ல சமீபத்துல தண்ணியில விழுந்திருந்தா, அது மட்டும் அவசரம். மத்த படியெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அன்னைக்கே கொண்டு போய் திறந்து காயவைக்கச் சொல்லுங்க. துரு பிடிக்கிறதுக்கு ஓரிரு நாள் போதும்.

முள்ளுலயும் நம்பர்லயும் ராத்திரி மின்னுற பெயிண்ட் பூசியிருந்தா இன்னொரு கவனம். 1960-கள் வரைக்கும் வந்த பல வாட்ச்சுல அது ரேடியம். பெயிண்ட் இப்போ மின்னாம பழுப்பு நிறமா உதிர்ற மாதிரி இருந்தாலும் ரேடியத்தோட கதிர்வீச்சு போயிடாது, அது பாதியாக் குறையவே 1,600 வருஷம் ஆகும். மூடின வாட்ச்சை வச்சிருக்கிறதுல பயம் ரொம்ப இல்ல, அந்தத் தூள் மூச்சுல வாயில போறதுதான் ஆபத்து. வீட்ல கண்ணாடியைக் கழட்டாதீங்க, சுரண்டாதீங்க, கடையில குடுக்கும்போது சொல்லிக் குடுங்க. டயல் அடியில "டி ஸ்விஸ் டி"ன்னு இருந்தா அது ட்ரிட்டியம்ங்கிற வேற கதிர்வீச்சுப் பொருள், அதோட பாதி ஆயுசு 12 வருஷம் சொச்சம்தான், இந்நேரம் பெரும்பகுதி போயிருக்கும்.

2. வாட்ச் யாரோடதுன்னு வீட்ல பேசி முடிச்சிடுங்க

இதை ஏன் இவ்ளோ முன்னாடி வச்சேன்னா, இதைத் தள்ளிப் போட்டவங்க பட்ட கஷ்டத்தைப் பாத்ததால. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அப்பாவோட வாட்ச்சை நல்ல விலைக்குக் குடுத்துட்டார், ரெண்டு மாசம் கழிச்சு பெங்களூர்ல இருந்து அக்கா போன் பண்ணி "அப்பா கல்யாண போட்டோல கட்டியிருக்கிற வாட்ச்சை ஏன்டா வித்த"ன்னு அழுதாங்க. வாங்கினவர் அதை ஏற்கெனவே வேற ஊருக்கு வித்துட்டார். பணம் வேணும்னு அந்த அக்கா கேக்கல, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கிறதுதான் அவங்க வருத்தம்.

கூடப் பொறந்தவங்க எல்லாருக்கும் ஒரு போட்டோ அனுப்பி, "இது என்கிட்ட இருக்கு, இதோட மதிப்பு என்னன்னு பாக்கப் போறேன், யாருக்காவது வேணுமா?"ன்னு கேட்டுடுங்க. மதிப்பு தெரியறதுக்கு முன்னாடி கேக்கறது ரொம்ப நல்லது. தொகை தெரிஞ்சதுக்கப்புறம் கேட்டா பேச்சு வேற மாதிரி போகும்.

அப்படியே பெரியம்மா, சித்தப்பான்னு யாராவது இருந்தா "எங்க வாங்கினது, யார் குடுத்தது"ன்னு கேட்டு நோட்ல எழுதிக்குங்க. ரிட்டையர்மென்ட்ல ஆபீஸ்ல குடுத்ததா, கல்ஃப்ல இருந்து மாமா கொண்டு வந்ததான்னு தெரிஞ்சா, வருஷம் கண்டுபிடிக்கிறது பாதி முடிஞ்ச மாதிரி.

3. வெளியில இருந்தே படிக்கக் கூடியதைப் படிங்க

நல்ல வெளிச்சத்துல, ஜன்னல் பக்கம் உக்காந்து, முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு சைடு, ஸ்ட்ராப் மாட்டுற காதுகளுக்கு நடுவுல இருக்கிற இடம்னு எல்லாத்தையும் போட்டோ எடுங்க. துடைக்கறதா இருந்தா காஞ்ச துணி மட்டும் போதும். கோல்கேட் போட்டுத் தேய்ச்சா கீறல் போகும்னு சொல்லுவாங்க, ப்ளாஸ்டிக் கண்ணாடிக்கு அது உண்மைதான், ஆனா இப்போ வேண்டாம்.

எச்எம்டின்னா நம்ம ஊர் வீடுகள்ல அதிகம் கிடைக்கிறது அதுதான். 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட சேர்ந்து பெங்களூர்ல ஆரம்பிச்சாங்க, 2016-ல மத்திய அரசு மூடுறதுக்கு ஒப்புதல் குடுத்துடுச்சு. அதோட ஜனதா, பைலட்ங்கிற மாடல் ரெண்டுலயும் பெரும்பாலும் 0231-ங்கிற 17 ஜுவல் மிஷின் இருக்கும், கையால கீ கொடுக்கிறது. ஒரே மிஷின் லட்சக்கணக்குல ஓடினதால ஒண்ணுல இருந்து கழட்டி இன்னொண்ணுக்குப் போட்டு சரி பண்ணிடலாம். கம்பெனி மூடிட்டாங்களே பார்ட்ஸ் கிடைக்காதேன்னு கவலைப்படாதீங்க.

சீக்கோ 5-ன்னா பின்மூடியில 7009-ல ஆரம்பிச்சு கோடு போட்டு இன்னொரு நாலு நம்பர் இருக்கிற மாதிரி பாப்பீங்க. முதல் நாலு மிஷின் நம்பர், அடுத்த நாலு கேஸ் (வெளிக்கூடு) நம்பர். தனியா ஒரு சீரியல் நம்பரும் இருக்கும், அதுல முதல் இலக்கம் வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி-ங்கிற ஆங்கில எழுத்து வரும். சீரியல் 8, என்-னு ஆரம்பிச்சா நவம்பர் மாசம், 1978 இல்லன்னா 88. மாமா எந்த வருஷம் துபாய் போனார்னு கேட்டா எந்தப் பத்து வருஷம்னு தெரிஞ்சிடும்.

டயல்ல பி. ஓர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons), மெட்ராஸ்னு இருந்தா அது மவுண்ட் ரோட் கடையோட பேரு, உள்ள இருக்கிற மிஷின் சுவிஸ் கம்பெனி ஒண்ணோடதா இருக்கும். ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர், கேமி, ஹென்றி சாண்டோஸ் இதெல்லாம் அந்தக் காலத்துல இந்தியாவுல நிறைய வித்த சுவிஸ் வாட்ச்சுங்க. சுவிஸ் மேட்னு பாத்ததும் லட்சம்னு நினைக்காதீங்க. அதே மாதிரி 17 ஜுவல், 21 ஜுவல்னா உள்ள விலையுயர்ந்த கல் இருக்குன்னு நம்பி ஒரு அம்மா வாட்ச்சை நகைக்கடைக்கே கொண்டு போயிருக்காங்க, அது தேய்மானம் குறையறதுக்காக வச்ச செயற்கைக் கல், காசு பெறாது.

தங்க நிறமா இருந்தா லூப் வச்சு பின்மூடி ஓரத்தையும் காதுகளோட அடிப்பக்கத்தையும் பாருங்க. 10 மைக்ரான், 20 மைக்ரான்னு இருந்தா முலாம். 750 இல்ல 585-னு முத்திரை இருந்தா அது நிஜத் தங்கம். நிஜத் தங்கமா இருந்தா அடகுக் கடைக்கோ பழைய நகை வாங்குறவங்ககிட்டயோ எடுத்துட்டுப் போகாதீங்க, அவங்க உருக்குற கணக்குல எடை போட்டுத்தான் குடுப்பாங்க, மிஷினுக்கு ஒரு ரூபாயும் வராது.

4. பின்மூடியைத் திறந்து மிஷினைப் பாருங்க, ஆனா நீங்க திறக்க வேண்டாம்

யூடியூப் பாத்துட்டு வெண்ணெய்க் கத்தியால நெம்பினவங்க எத்தனையோ பேர். திறக்கிறது கூட வந்துடும், மூடுறதுலதான் பிரச்சனை. அழுத்தி மூடுற மூடியா இருந்தா, வாட்ச்சை மேஜை மேல கவுத்து வச்சு கட்டைவிரலால பலமா அழுத்துவாங்க, அந்த மொத்த பாரமும் ப்ளாஸ்டிக் கண்ணாடி மேல இறங்கி கண்ணாடி விரியும், சில நேரம் வினாடி முள்ளும் வளைஞ்சிடும். கடையில நூறு ரூபாய்க்குள்ள குடுத்தா உங்க கண்ணு முன்னாடியே திறந்து மூடிக் குடுப்பாங்க. "ரிப்பேர் எதுவும் வேண்டாம்ணே, உள்ள போட்டோ மட்டும் எடுத்துக்கறேன்"னு முதல்லயே சொல்லிடுங்க.

திறந்ததும் பாக்க வேண்டியது நாலு விஷயம்.

மிஷின்ல வெட்டியிருக்கிற நம்பர். சுவிஸ் மிஷின்ல பேலன்ஸ் வீலுக்கு (வாட்ச் ஓடும்போது இப்படியும் அப்படியும் ஆடுற சக்கரம்) அடியில, தட்டுல, ரொம்பப் பொடிசா தயாரிச்ச கம்பெனி முத்திரையும் நம்பரும் இருக்கும். ஒமேகாவா இருந்தா மிஷின் மேலயே ஏழெட்டு இலக்க சீரியல் இருக்கும், அதை வச்சு எந்த வருஷம்னு கண்டுபிடிச்சிடலாம், 1 கோடியே 70 லட்சத்தை ஒட்டி ஆரம்பிச்சா சுமார் 1960, 2 கோடியை ஒட்டி இருந்தா சுமார் 1963. இதை வச்சுத்தான் விலை தேடப் போறோம், அதனால போட்டோ தெளிவா வர்ற வரைக்கும் எடுங்க.

பேலன்ஸ் வீல். வாட்ச்சை மெதுவா மணிக்கட்டுத் திருப்புற மாதிரி ஒருதரம் திருப்புங்க. அந்தச் சக்கரம் இப்படியும் அப்படியும் தாராளமா ஆடி, தானா அடங்குச்சுன்னா பெரும்பாலும் அச்சு உடையல, ஓவராயிலிங் பண்ணா ஓடுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. தடுமாறி ஒரு பக்கம் சாஞ்சு ஆடினா, இல்ல அசையவே இல்லன்னா, கீழ விழுந்து பேலன்ஸ் ஸ்டாஃப் (அந்தச் சக்கரத்தோட அச்சு) போயிருக்கலாம், அது செலவு.

துரு. கீ உள்ள போற இடத்துல, அதாவது தண்டைச் சுத்தி, செம்பழுப்புப் பொடி இருக்கான்னு பாருங்க. நம்ம ஊர் வேர்வை முதல்ல நுழையற வழி அதுதான். அந்த இடத்துல மட்டும்னா தண்டும் கீயும் மாத்தினா முடிஞ்சிடும், பற்சக்கரங்கள் மேலயும் பரவியிருந்தா நிலைமை வேற.

நாலாவது பின்மூடியோட உள்பக்கம். வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. பழைய மெக்கானிக்குங்க சர்வீஸ் பண்ணின தேதியையும் தங்களோட குறியையும் ஊசியால கீறி வச்சிருப்பாங்க. எங்க பெரியப்பாவோட வாட்ச்ல 3/71, 8/75, 1/80, 6/84-னு நாலு வரி, நாலும் வேற வேற கையெழுத்து. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் விடாம சர்வீஸ் பண்ணியிருக்கார்னு அதைப் பாத்ததும் புரிஞ்சுது, பெரியப்பா எதையும் அப்படித்தான் வச்சிருப்பார். இந்த மாதிரி தேதிகள் இருந்தா மிஷின் தேய்மானம் கம்மின்னு நம்பலாம். வாங்குறவங்களுக்கும் அந்த போட்டோ முக்கியம்.

5. டயல் ஒரிஜினலா, மறுபடி அச்சடிச்சதான்னு பாருங்க

பழைய வாட்ச் விலையில டயலுக்குத்தான் பெரிய பங்கு. லூப் வச்சு எழுத்துகளைப் பாருங்க. ஒரிஜினல்ல எழுத்து மெல்லிசா, ஓரம் கூர்மையா இருக்கும். மறுபடி அச்சடிச்சதுல எழுத்து தடிச்சு, ஓரம் கசிஞ்ச மாதிரி இருக்கும், நிமிஷக் கோடுகள் மணியைக் காட்டுற கட்டைகளுக்கு நேரா வராது, அடியில சுவிஸ் மேட்ங்கிறது ஓரத்துல வெட்டுப்பட்டோ இல்லாமலேயோ இருக்கும். பழைய எச்எம்டி பைலட், சீக்கோ 5 இதெல்லாம் பளபளன்னு ஆரஞ்சு, ஊதா கலர் டயலோட, புதுசு மாதிரி இருந்தா அனேகமா மும்பையில மறுபடி அடிச்சதுதான்.

உங்க வீட்ல இருந்து வர்ற வாட்ச்சுக்கு இதுல ஒரு பெரிய பலம் இருக்கு. தாத்தா வாங்கினார், தாத்தா கட்டினார், பீரோவுல வச்சார், யாரும் கை வைக்கல. மஞ்சளா மங்கியிருந்தாலும் புள்ளி புள்ளியா கறை இருந்தாலும் அந்த டயலைத்தான் சேகரிக்கிறவங்க தேடறாங்க.

இதை நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். பெரியப்பாவுக்கு இன்னொரு வாட்ச் இருந்துச்சு, ஃபாவ்ர் லூபா சீ கிங், டயல் ஓரம் மங்கி டீ கலரா இருக்கும். ஓவராயிலிங்குக்குக் குடுத்த கடையில "டயல் அசிங்கமா இருக்கே சார், புதுசு மாதிரி பண்ணிடலாம்"னாங்க, சரின்னுட்டேன். வந்தப்ப வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, எழுத்தெல்லாம் மொத்தமா. பழைய டயலைக் குடுங்கன்னு கேட்டேன், அதே தகட்டைச் சுரண்டிட்டுத்தான் மேல அடிச்சாங்களாம். பெரியப்பா பாத்த அந்த டயல் இனிமே கிடையாது. அதைக் கையில எடுக்கும்போதெல்லாம் இன்னைக்கும் மனசு கனக்குது.

6. விலை தேடுங்க: கேக்குற விலையை விட்டுட்டு, வித்த விலையைப் பாருங்க

பிராண்ட், மாடல், மிஷின் நம்பர் மூணும் கையில இருக்கு. இப்போ தேடலாம். ஓஎல்எக்ஸ்ல யாரோ ஜனதாவுக்கு 50,000 போட்டிருக்கறதைப் பாத்து அதுதான் விலைன்னு நினைக்காதீங்க, கேக்கறதுக்கு யாரும் என்ன வேணா கேக்கலாம். ஈபேல வித்து முடிஞ்சதை மட்டும் காட்டுற வசதி இருக்கு, அதுல பாருங்க. இந்தியாவுல பழைய வாட்ச் வாங்கி விக்கிற ஃபேஸ்புக் குரூப்கள், இன்ஸ்டா பக்கங்கள்ல வித்தாச்சுன்னு போட்டதோட விலையைக் குறிச்சுக்குங்க. உங்களோடதை மாதிரியே இருக்கிற அஞ்சாறு வாட்ச்சோட விலையை எழுதி, ரொம்ப மேல இருக்கறதையும் ரொம்பக் கீழ இருக்கறதையும் அடிச்சுட்டு நடுவுல இருக்கறதை எடுங்க. டயல் மறுபடி அடிச்ச வாட்ச் விலையோட ஒரிஜினலை ஒப்பிடாதீங்க, அங்கதான் நிறைய பேர் கம்மியா வித்துடறாங்க.

ரெண்டு விலை வேணும். ஓடுற நிலையில என்ன விலை, ஓடாம அப்படியே என்ன விலை.

சில வாட்ச்சுங்க கையில வந்தா மட்டும் இந்தத் தேடலோட நிக்காம ரெண்டு மூணு விவரமானவங்ககிட்ட காட்டிட்டுத்தான் அடுத்த அடி வைக்கணும்: ஒமேகா, ரோலக்ஸ், டியூடர், லாஞ்சின்ஸ், யுனிவர்சல் ஜெனீவ், பக்கவாட்டுல ரெண்டு பட்டன் இருக்கிற எந்த க்ரோனோகிராஃபும் (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்), சீக்கோ 6139, 6105 மாதிரியான மாடல்கள், ஃபாவ்ர் லூபாவோட உயரம் காட்டுற பிவோவாக், ஆழம் காட்டுற பாத்தி. காட்டுங்க, அங்கேயே விட்டுட்டு வராதீங்க.

7. ரிப்பேர் செலவை எழுதி வாங்கிட்டு, கணக்குப் போட்டு முடிவெடுங்க

இப்போதான் மெக்கானிக். நிறைய கடைகள்ல இன்னைக்கு பேட்டரி மாத்துறதும் செயின் போடுறதும்தான் நடக்குது, அதனால ரெண்டு கேள்வி கேளுங்க. "மிஷினை முழுசா கழட்டி கழுவுவீங்களா?" "பேலன்ஸ் ஸ்டாஃப் மாத்துவீங்களா?" அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுத்து ரெண்டு சொட்டு ஆயில் விடுறது ஓவராயிலிங் ஆகாது, அழுக்கு உள்ளயே இருக்கும், ஆறு மாசத்துல மறுபடி நிக்கும். வேகம் அளக்கிற டைம்கிராஃபர் மெஷின் வச்சிருந்தா இன்னும் நல்லது.

ஓவராயிலிங், மெயின் ஸ்பிரிங், கீயும் தண்டும், கண்ணாடி, வாஷர்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தொகை எழுதி வாங்குங்க. மொத்தமா ஒரு தொகை சொன்னா எதை விட்டா எவ்ளோ குறையும்னு உங்களுக்குத் தெரியாது.

இப்போ கணக்கு. விக்கறதுன்னா நான் வச்சிருக்கிற அளவுகோல் இது: ஓடுற விலையில இருந்து ஓடாத விலையைக் கழிங்க. அந்த வித்தியாசம் ரிப்பேர் செலவை மாதிரி ஒன்றரை மடங்காவது இருந்தாத்தான் ரிப்பேர் பண்ணி விக்கலாம். இல்லன்னா அப்படியே வித்துடுங்க. ஒன்றரை மடங்கு எதுக்குன்னா, திறந்தப்புறம் "இன்னொரு பார்ட்டும் போயிருக்கு சார்"னு வர்ற செலவுக்கும், உங்க அலைச்சலுக்கும்.

ஒரு கணக்குக்கு: ஜனதா ஒண்ணு ஓடாம 1,200 போகுது, ஓடினா 2,200. ரிப்பேர் 1,000. வித்தியாசமும் 1,000. இதை ரிப்பேர் பண்ணி வித்தா கையில எதுவும் நிக்காது. அதே சமயம் ஒரு ஒமேகா ஓடாம 40,000, ஓடினா 65,000, நல்ல மெக்கானிக் 12,000 கேக்கறார்னா வித்தியாசம் 25,000, ரெண்டு மடங்குக்கு மேல, பில்லோட சர்வீஸ் பண்ணிக் குடுக்கலாம். இதெல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் வச்ச தொகை, உங்களோடது 6-வது படியில நீங்க கண்டுபிடிச்சது.

கட்டிக்கறதுன்னா இந்தக் கணக்கே தேவையில்ல, வேற கேள்வி. மாசத்துல எத்தனை நாள் நிஜமா கட்டுவீங்க? தினமும் கீ கொடுக்கணும், ஒரு நாளைக்கு அரை நிமிஷம் முன்ன பின்ன ஓடும், கை கழுவும்போது ஜாக்கிரதையா இருக்கணும், நாலஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப ஓவராயிலிங் வரும். இதெல்லாம் தெரிஞ்சும் கட்டணும்னு தோணுச்சுன்னா, 2,200 ரூபாய் வாட்ச்சுக்கு 2,500 செலவு பண்றதுல எந்தத் தப்பும் இல்ல. எங்க வீட்ல மூணுல ரெண்டுக்கு நான் அதைத்தான் பண்ணேன்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் தெளிவா இருங்க. "ரிப்பேர் பண்ணி வைப்போம், அப்புறம் விக்கறதா கட்டறதான்னு பாப்போம்"னு போறதுதான் எல்லாத்தையும் விட நஷ்டம். கட்டறவருக்குத் தேவையான கண்ணாடி மாத்துறது, பாலிஷ், புது கீ இதெல்லாம் வாங்குற சேகரிப்பாளருக்குப் பிடிக்காத வேலைங்க.

8. ரிப்பேர்னு முடிவு பண்ணா

குடுக்கும்போது நாலு வார்த்தை பில்லுலயே எழுதச் சொல்லுங்க: டயலைத் தொடக்கூடாது, கேஸ் பாலிஷ் வேண்டாம், முள்ளு மாத்தக்கூடாது, கழட்டின பழைய பார்ட்ஸ் எல்லாம் கவர்ல போட்டுத் திருப்பித் தரணும். பாலிஷ் ஏன் வேண்டாம்னா, கேஸோட கூர்மையான விளிம்பு ஒருதரம் தேஞ்சா திரும்ப வராது, முலாம் பூசினதா இருந்தா அடியில இருக்கிற பித்தளை தெரிய ஆரம்பிச்சிடும்.

4-வது படியில எடுத்த மிஷின் போட்டோவை அவருக்கே காட்டிட்டுக் குடுங்க. சந்தேகப்படற மாதிரி இல்லாம, "நம்பர் குறிச்சு வச்சிருக்கேண்ணே, பில்லுல போட்டுடுங்க"ன்னு சொன்னா போதும். திரும்ப வாங்கும்போது திறந்து அதே மிஷின்தானான்னு பாத்து வாங்குங்க.

அவசரப்படுத்தாதீங்க. நல்ல மெக்கானிக் ஓவராயிலிங் முடிச்சு நாலஞ்சு நாள் ஓடவிட்டுப் பாத்துத்தான் குடுப்பார். வாங்கிட்டு வந்து முதல் ரெண்டு வாரம் தினமும் ஒரே நேரத்துல கீ கொடுத்து, எவ்ளோ முன்ன பின்ன போகுதுன்னு நோட்ல எழுதுங்க. ஒரே நாள்ல பல நிமிஷம் வேகமா ஓடுச்சுன்னா காந்தம் ஏறியிருக்கலாம், ஸ்பீக்கர் பக்கத்துல வச்சிருப்பீங்க, கடையில ஒரு நிமிஷத்துல எடுத்துடுவாங்க.

தேதி காட்டுற வாட்ச்னா ராத்திரி 9 மணியில இருந்து 3 மணி வரைக்கும் தேதியைக் கையால மாத்தாதீங்க. அந்த நேரத்துல தேதி மாத்துற பல் ஏற்கெனவே சக்கரத்தைப் பிடிச்சிருக்கும், நீங்க திருகினா உடையும். பின்மூடியில வாட்டர்ப்ரூஃப்னு வெட்டியிருக்கறதை நம்பி குளிக்காதீங்க, அது புதுசுல இருந்த வாஷருக்குச் சொன்னது.

9. விக்கறதுன்னு முடிவு பண்ணா

துடைக்கிறதுக்கு மேல எதுவும் பண்ணாதீங்க. டயல், பின்மூடி உள்ளயும் வெளியவும், மிஷின், கீ, காதுகள்னு ஆறேழு போட்டோ, பகல் வெளிச்சத்துல, ஃபில்டர் இல்லாம. கீறல், கறை எல்லாத்தையும் கிட்டக்க எடுத்துப் போடுங்க. "குடும்ப வாட்ச், எனக்குத் தெரிஞ்சு யாரும் டயலை மாத்தல, ஓடல, நான் கீ கொடுத்துப் பாக்கல"ன்னு உள்ளதைச் சொல்லுங்க. பழைய வாட்ச் வாங்குறவங்க ஏமாந்து ஏமாந்து வந்தவங்க, உண்மையைச் சொல்ற வாட்ச்சுக்குக் கொஞ்சம் கூடவே குடுப்பாங்க.

சேகரிக்கிறவருக்கு நேரா வித்தா நல்ல விலை வரும், நாளாகும். டீலர்னா அன்னைக்கே பணம், ஆனா அவர் லாபம் வச்சுத்தான் எடுப்பார், அது நியாயம்தான். "இன்னைக்கு குடுத்தா இந்த விலை, நாளைக்குன்னா வேண்டாம்"னு யாராவது அவசரப்படுத்தினா வாட்ச்சைப் பையில போட்டுக்கிட்டு வந்துடுங்க. அந்த அவசரமே உங்க கையில இருக்கறது நல்ல பொருள்னு சொல்லுது.

யூபிஐல பணம் வர்றதுக்கு நீங்க பின் நம்பர் போடவே தேவையில்ல, போடச் சொன்னா அது மோசடி. பணம் கணக்குல ஏறினதை பேங்க் ஆப்ல பாத்துட்டுத்தான் அனுப்பணும், அவங்க அனுப்புற ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாதீங்க. பேக் பண்றதை வெட்டாம ஒரே வீடியோவா எடுங்க, மதிப்புக்கு இன்ஷூர் பண்ணி அனுப்புங்க.

10. ரெண்டும் வேண்டாம்னு தோணுச்சுன்னா

இதுவும் ஒரு முடிவுதான். ஒரு வருஷம் வச்சிருந்தா எதுவும் ஆகாது, வைக்கிற விதம் சரியா இருந்தா. பழைய தோல் ஸ்ட்ராப் வேர்வையைப் பிடிச்சு வச்சிருக்கும், அதைக் கழட்டித் தனியா வைங்க. பேட்டரி வாட்ச்னா பேட்டரியை எடுத்துடுங்க, கசிஞ்சா உள்ள இருக்கிற சர்க்யூட் போயிடும். மாத்திரை பாட்டில்ல வர்ற சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, இறுக்கமா மூடுற டப்பாவுல, சமையக்கட்டு பாத்ரூம் பக்கம் இல்லாத அலமாரியில வைங்க. மழைக்காலம் முடிஞ்சதும் பொட்டலத்தை மாத்துங்க.

டப்பாவுக்குள்ள ஒரு காகிதமும் வைங்க. யாரோட வாட்ச், எந்த வருஷம் வாங்கினது, மிஷின் நம்பர், திறந்து பாத்தப்ப என்ன நிலையில இருந்துச்சு, பின்மூடியில என்ன தேதிகள் இருந்துச்சுன்னு எழுதி, அவர் அதைக் கட்டியிருக்கிற போட்டோ ஒரு பிரதி இருந்தா அதையும் சேர்த்து. அடுத்து அந்த டப்பாவைத் திறக்கப் போறவங்க உங்க பொண்ணாவோ பையனாவோ இருக்கலாம், அவங்க 1-வது படியில இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்காது.